பீக்கினீஸ்: சீன அரண்மனையின் செல்ல நாய்

சிங்கம் ஒன்று சிறு குரங்கின்மீது காதல் கொண்டதாம். தனக்கு ஒவ்வாத அத்துணையை மணப்பதற்காகத் தன் பேருடலைச் சிறிதாக்கித் தருமாறு அது புத்தபகவானை வேண்டிற்றாம். உடல் சிறுத்தது; நெஞ்சம் மாத்திரம் சிங்கத்தின் நெஞ்சமாகவே இருந்தது. அவ்விரண்டுக்கும் பிறந்ததே பீக்கினீஸ் நாய் என்பது சீனத்துப் பழங்கதை. கதையைக் கதையாகவே விட்டுவிடுவோம். ஆயினும் அதைக் கட்டியவன் இந்நாயின் குணத்தை நன்கு அறிந்தவன் என்பதில் எமக்கு ஐயமில்லை.

சுமார் 5 கிலோகிராம் நிறையுள்ள சிறு பிராணி இது. தூக்கிப் பார்ப்பவர், தோற்றத்துக்கு மிஞ்சிய அதன் பாரத்தைக் கண்டு வியப்பர். அகன்ற தலை, பெரிய கரிய கண்கள், மடிந்து தொங்கும் காதுகள், கழுத்தைச் சுற்றிப் பிடரிமயிர், முதுகின்மேல் வளைந்து கிடக்கும் வால். இவற்றோடு, குட்டையான கால்களை ஊன்றி இருபுறமும் அசைந்தசைந்து அது நடந்து வரும்போது, சிற்றரசர் ஒருவர் பவனி வருவது போலத் தோன்றும்.

உண்மையிலேயே அரண்மனையில் வாழ்ந்த பிராணிதான். சீனச் சக்கரவர்த்திகளின் மாளிகைகளில் இவை பேணி வளர்க்கப்பட்டன. மிகச் சிறியவற்றைப் பிரபுக்கள் தம் அங்கியின் அகன்ற கைகளுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தனர். 1860ஆம் ஆண்டு, அபினி யுத்தத்தின்போது, ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் நகரை அடுத்த கோடைகால அரண்மனையைச் சூறையாடின. அங்கே அகப்பட்ட நாய்களுள் ஒன்றை டன் என்னும் படைத்தலைவர் விக்டோரியா மகாராணிக்கு அளித்தார். மகாராணியின் மாளிகையில் அதற்கு இடப்பட்ட பெயர் ‘லூட்டி’. கொள்ளைப்பொருள் என்பது அதன் கருத்து. வெட்கமின்றிச் சூட்டிய பெயர் என்றே சொல்லவேண்டும். லூட்டி 1872 வரை வாழ்ந்தது.

பழைய பெருமையை மறவாத நாய் போலவே இதன் சுபாவமும் அமைந்துள்ளது. அழைத்தவுடன் ஓடிவந்து காலை நக்கும் வழக்கம் இதற்குக் குறைவு. அழைப்பைக் கேட்கும், ஆராயும், விருப்பமிருந்தால் வரும். வீட்டில் ஓரிருவரிடத்தே ஆழ்ந்த பற்று வைக்கும். அந்நியரை ஐயத்தோடு நோக்கும். தன்னைவிடப் பன்மடங்கு பெரிய நாயையும் எதிர்த்து நிற்குமாதலால், வெளியே கொண்டுசெல்லும்போது வாரினாற் பிணைத்தே கொண்டுசெல்லவேண்டும். வாலையும் காதையும் பிடித்திழுக்கும் சிறு பாலர் உள்ள வீட்டுக்கு இது ஏற்றதன்று.

இனி, அழகென்று போற்றப்படும் அதன் தட்டை முகத்தைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். நாய்க்கு மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைத்தே அது தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாக முகத்தைக் குறுக்கிக் குறுக்கி வளர்த்ததனால், பீக்கினீஸ் நாயின் மூச்சு செல்லும் வழியும் ஒடுங்கிப்போயிற்று. 2003ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பெயர்பெற்ற கிறவ்ற்ஸ் கண்காட்சியில் முதற்பரிசு பெற்ற பீக்கினீஸைப் புகைப்படம் எடுத்தபோது, உடல் சூடேறாதிருக்கப் பனிக்கட்டிப் பொதியின்மேல் இருத்தவேண்டியதாயிற்று! 2008இல் இத்தகைய இனவிருத்தியின் கேடுகளைப் பீ.பீ.சீ. தொலைக்காட்சி அம்பலமாக்கியது. அதன்பின், மூக்குப்பகுதி புலப்படும்படி இருத்தல்வேண்டும் என இங்கிலாந்தின் நாய்க்கழகம் தன் இலக்கணத்தைத் திருத்தியது.

நுவரெலியாக் குளிரில் சுகமாக இருக்கக்கூடிய இந்நாய்க்கு, யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில் உயிராபத்தாகலாம். அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பின்னருமே நடைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூடிய மோட்டார் வண்டியில் ஒரு கணமும் விட்டுச்செல்லாதீர்கள். பெரிதாக இளைத்து, நாக்கு நீலம் பாரித்தால், உடனே உடலைக் குளிர்ந்த நீரால் நனைத்து, விசிறியபடி மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும். கழுத்துப்பட்டியை விட, நெஞ்சைச் சுற்றிக் கட்டும் வார் மூச்சை நெருக்காது. உணவை அளந்தே கொடுக்கவேண்டும். கொழுப்பு ஏறினால் மூச்சு இன்னும் திணறும்.

முன்தள்ளிய கண்கள் எளிதிற் காயமுறும். கண் சிவந்தாலும், மூடியபடி இருந்தாலும் மறுநாள்வரை பொறுத்திருக்கலாகாது. மூக்கின்மேலுள்ள தோல்மடிப்பை நாள்தோறும் துடைத்து ஈரமின்றி வைக்காவிடில் புண்ணாகும். நீண்ட மயிரையும் அடிவரை சீவிவிடவேண்டும். காதின் பின்புறத்தேதான் சிக்கு முதலில் விழும்.

உறங்கும்போது இது குறட்டை விடுவதைக் கேட்டுச் சிரிப்போர் பலர். அது பெரும்பாலும் மூச்சுத்தடையின் ஓசையேயாகும். ஆகவே குட்டி வாங்கச் செல்பவர் குட்டியின் அழகை மட்டும் பார்த்து மயங்காது, தாயைச் சற்று நேரம் நடக்கவிட்டு, அதன் மூச்சைக் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். நாசித்துவாரங்கள் திறந்திருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும். தாயைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் குட்டி வாங்காமல் திரும்பிவிடுவதே நலம்.