தெளிந்த வானத்தில் விமானம் ஏன் குலுங்குகிறது?

மன்னாருக்கு மேலே முகில் ஒன்றுகூட இல்லாத நேரத்திலும் விமானம் திடீரென்று குலுங்கலாம். காரணம், வேகம் மாறிமாறி வீசும் காற்று. விமானத்தின் ராடார் மழைத்துளிகளைத்தான் காணும். வெறுங்காற்று அதற்குப் புலப்படாது. தலைமன்னார்க் கரையில் சோளகக் காற்றை நீங்கள் எப்படிக் கண்ணால் காண்கிறீர்கள்? அது வாரிச் செல்லும் மணலை வைத்துத்தானே! லைடார் என்னும் கருவியும் காற்றை அப்படித்தான் காண்கிறது. லேசர் ஒளியை முன்னே பாய்ச்சும். காற்றில் மிதக்கும் நுண்தூசியில் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறம் கண்ணுக்குத் தெரியாத அளவு மாறியிருக்கும். அந்த மாற்றம் காற்றின் வேகத்தைச் சொல்லிவிடும். 2018இல் போயிங் நிறுவனம் ஜப்பானிய விண்வெளி முகமையின் லைடாரை விமானத்தில் பொருத்திச் சோதித்தது.

உயரத்தில் தூசி குறைவு, கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிட எச்சரிக்கைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் தேநீர் வண்டியை நிறுத்திப் பூட்டவும் ஆசனப்பட்டியை மாட்டவும் அது போதும். குலுக்கத்தில் காயப்படுவோர் பெரும்பாலும் பட்டி அணியாதவர்களே.