மடக்கு நிழற்பந்தல்: சாலையோர வியாபாரியின் சிறு மூலதனம்

வளர்ச்சித் திட்டங்களைப் பற்றிய விவாதங்களில் அணைகளுக்கும் ஆலைகளுக்கும் கிடைக்கும் இடம், நான்கு கழிகளுக்கும் ஒரு தார்ப்பாய்க்கும் கிடைப்பதில்லை. ஆயினும் நகரத் தெருக்களில் காய்கறி, பழம், பூ, துணி ஆகியவற்றை விற்று வாழும் எண்ணற்ற குடும்பங்களுக்கு அந்த நான்கு கழிகளும் தார்ப்பாயுமே கடை, அவையே கிடங்கு, அவையே வெயில் மழைக்கு உள்ள ஒரே பாதுகாப்பு. காலையில் விரித்து இரவில் மடக்கி எடுத்துச் செல்லக்கூடிய இப்பந்தலை எவ்வாறு அமைப்பது என்பது ஒரு தொழில்நுட்பக் கேள்வியாகும். அதே வேளையில் அது ஒரு பொருளாதாரக் கேள்வியுமாகும்.

தில்லியின் வாரச் சந்தைகள் கிழமைக்கு ஒரு குடியிருப்புப் பகுதியில் கூடுபவை. பிற்பகலில் நடப்படும் கழிகள் அன்றிரவே பிடுங்கப்பட்டு, மறுநாள் வேறோர் இடத்திற்குப் பயணமாகின்றன. அகமதாபாத்தின் மாணெக் சௌக்கில் நிலைமை இன்னும் நுட்பமானது. ஒரே சதுக்கம் காலையில் மாட்டுத் தீவனச் சந்தையாகவும், பகலில் நகை வணிகத்தின் இடமாகவும், இரவில் உணவுக் கடைகளின் திடலாகவும் மாறுகிறது. இத்தகைய இடங்களில் நிலையான கூரைக்கு வாய்ப்பில்லை. மடக்கத்தக்க கூரை ஒன்றே அங்குப் பொருந்தும்.

சட்டமும் நிழலும்

சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014ஆம் ஆண்டில் நிறைவேறியது. தற்காலிக அமைப்பு ஒன்றிலிருந்தோ இடம்விட்டு இடம் பெயர்ந்தோ பொது இடத்தில் விற்பவரைச் சாலையோர வியாபாரி என்று அது வரையறுக்கிறது. ஆகவே தற்காலிக அமைப்பு என்பது சட்டத்தின் கண்ணுக்குப் புலப்பட்ட ஒன்றே. அதற்கு முன்னர், 2003இல் மும்பை வியாபாரிகள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஒருவருக்கு 1 மீட்டருக்கு 1 மீட்டர் பரப்பை வகுத்து, அதில் கட்டுமானம் எதுவும் கூடாது என்றது. எனினும் பொருள்களை வெயில், மழை, காற்று ஆகியவற்றிலிருந்து காத்துக்கொள்ள அது இடமளித்தது.

பொருளுக்கு வேண்டிய நிழல் பொருளை விற்பவருக்கும் வேண்டும் என்பதைப் பிந்தைய அனுபவம் உணர்த்தியது. 2010ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸை எட்டியது. அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 இறப்புகள் மிகுதியாக நேர்ந்தன எனப் பின்னர் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. இதன் விளைவாக 2013இல் அந்நகரம் வெப்ப எதிர்கொள் திட்டம் ஒன்றை வகுத்தது. நிழல் காற்றின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. ஆனால் உடலின் மீது நேரே விழும் கதிர்வீச்சைத் தடுக்கிறது. நாள் முழுவதும் ஓரிடத்தில் அமர்ந்திருப்பவருக்கு இந்த வேறுபாடு உயிர்நிலையானது.

சுமையின் கணக்கு

2 மீட்டர் சதுரமுள்ள ஒரு பந்தலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நீர் வடியும் பொருட்டு முன்கால்கள் இரண்டும் 2.2 மீட்டர், பின்கால்கள் இரண்டும் 1.7 மீட்டர் உயரம் எனவும், மேலே நான்கு குறுக்குக் கழிகள் எனவும் வைத்துக்கொண்டால், மொத்தம் ஏறத்தாழ 16 மீட்டர் நீளமுள்ள கழி தேவைப்படும்.

25 மில்லிமீட்டர் விட்டமும் 1.6 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட இரும்புக் குழாய் மீட்டருக்கு 0.92 கிலோ எடையுள்ளது. சட்டகம் மட்டும் 15 கிலோ ஆகிவிடும். அதே அளவுள்ள அலுமினியக் குழாயில் சட்டகத்தின் எடை 5 கிலோவே. ஆனால் அலுமினியத்தின் விறைப்பும் இரும்பின் விறைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆதலின் குழாயின் விட்டத்தைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும். 30 மில்லிமீட்டர் தடிமனுள்ள கல் மூங்கிலில் சட்டகம் 8 கிலோ அளவில் அமையும். துணி, கயிறு, இணைப்புகள் ஆகியவை மேலும் 4 அல்லது 5 கிலோ சேரும்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு வரம்பு தானாகவே தோன்றுகிறது. வியாபாரி தம் சரக்கையும் சுமக்க வேண்டியவர். பலர் பேருந்திலோ பங்கு ஆட்டோவிலோ வருபவர்கள். பந்தலின் முழு எடை 15 கிலோவுக்கு மேற்படலாகாது. மடக்கிய நீளம் 1.2 மீட்டருக்கு மேற்படலாகாது. இந்த இரு நிபந்தனைகளுக்கும் மூங்கிலும் அலுமினியமும் உட்படுகின்றன. மேற்கூறிய இரும்புச் சட்டகம் உட்படுவதில்லை. வலிமையை மட்டும் கருதி இரும்பைத் தேர்ந்தால், அப்பந்தல் வியாபாரியின் வீட்டு மூலையிலேயே கிடக்கும்.

மூங்கிலுக்குக் கூடுதலான ஒரு நன்மை உண்டு. 2017இல் இந்திய வனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், மரம் என்னும் வரையறையிலிருந்து மூங்கிலை நீக்கியது. இதனால் வனத்திற்கு வெளியே வளர்க்கப்படும் மூங்கிலை வெட்டுவதும் கொண்டுசெல்வதும் எளிதாயின. முற்றிய மூங்கிலை வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்து உலர்த்தினால் துளைக்கும் வண்டுகளின் தொல்லை குறையும். மூங்கிலில் ஆணி அடித்தால் அது நீளவாக்கில் பிளக்கும். எனவே முனைகளில் உலோக வளையம் பூட்டியோ கயிற்றால் வரிந்து கட்டியோ இணைப்பதே முறை.

காற்றே முதல் எதிரி

பந்தல் விழுவது பெரும்பாலும் கூரையின் பாரத்தால் அன்று. காற்று அதனைத் தூக்குவதால்தான். காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதியில் உள்ள சூத்திரத்தின்படி, மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் 60 நியூட்டன் அழுத்தம் தருகிறது. 4 சதுர மீட்டர்க் கூரையில் இது சுமார் 24 கிலோ எடைக்குச் சமம். வேகம் இருமடங்காகி 72 கிலோமீட்டரை எட்டினால் விசை நான்கு மடங்காகி, ஏறத்தாழ 98 கிலோ எடைக்குச் சமமாகிறது. கூரையின் வடிவத்திற்கேற்ப இது கூடவோ குறையவோ செய்யும்; எனினும் அளவின் போக்கை அறிய இது போதும்.

கல் பாவிய நடைபாதையில் முளை அடிக்க இயலாது; அடிக்கவும் கூடாது. இதற்கு எளிய வழி, ஒவ்வொரு காலிலும் 20 லிட்டர் நீர்க் கலம் ஒன்றைக் கட்டுவதே. நான்கு கலங்களும் சேர்ந்து 80 கிலோ பாரம் தரும்; திரும்பும்போது நீரைக் கொட்டிவிட்டு வெறுங்கலத்தை எடுத்துச் செல்லலாம். நீர் அரிதான இடத்தில் மணற்பை அதே பணியைச் செய்யும். வெங்காய மூட்டையோ உருளைக்கிழங்கு மூட்டையோ இருப்பின், சரக்கே பாரமாகவும் உதவும். சதுரச் சட்டகம் பக்கவாட்டில் சாயும் இயல்புடையது. முக்கோணம் அவ்வாறு சாய்வதில்லை. ஆகவே மூன்று பக்கங்களில் குறுக்காக ஒரு கயிறு இழுத்துக் கட்டுவது இன்றியமையாதது.

இவ்வளவு செய்தும் வட இந்தியாவின் கோடைப் புழுதிப் புயலை இப்பந்தல் தாங்கும் என்று எதிர்பார்க்க இயலாது. 2018 மே மாதத் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் வீசிய புயல் 100 பேருக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அத்தகைய காற்றில் பறக்கும் கழியும் தார்ப்பாயும் பிறருக்கும் ஆபத்தானவை. எனவே மடக்கு பந்தலின் பாதுகாப்பு அது நிற்கும் உறுதியைவிட, அது மடங்கும் விரைவையே பெரிதும் சார்ந்திருக்கிறது. பெரிய மரக்கிளைகள் அசைந்து, குடை பிடிப்பது கடினமாகும் நிலையில் காற்றின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை எட்டியிருக்கும். அந்த அறிகுறி கண்டவுடன், பிறர் உதவியின்றி ஒருவரே இரண்டு நிமிடங்களில் கூரைத்துணியைக் கழற்றக்கூடியதாக அமைப்பு இருத்தல் வேண்டும். துணி கழன்றால் விசையின் பெரும்பகுதி நீங்கிவிடும். கழிகளைப் பின்னர் பிரிக்கலாம்.

மழையின் ஆபத்து வேறு வகையானது. தொய்ந்த துணியில் நீர் தேங்கும். 4 சதுர மீட்டரில் 10 மில்லிமீட்டர் மழை என்பது 40 லிட்டர் நீர். அதாவது 40 கிலோ பாரம். முன்னர்க் கூறிய கால் உயரங்கள் நான்கிற்கு ஒன்று என்ற சரிவைத் தருகின்றன. துணியை இழுத்துக் கட்டினால் நீர் தேங்காது வடியும்.

நிழல் எங்கே விழுகிறது?

கூரை இருந்தால் அதன் கீழ் நிழல் இருக்கும் என்பது நண்பகலுக்கு மட்டுமே பொருந்தும். ஜூன் மாதத்தில் தில்லியில் பிற்பகல் மூன்றே முக்கால் மணியளவில் சூரியன் அடிவானத்திலிருந்து 45 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அப்போது 2 மீட்டர் உயரத்திலுள்ள கூரையின் நிழல் 2 மீட்டர் தள்ளி விழும். 2 மீட்டர் அகலமே உள்ள பந்தலாயின், நிழல் முழுவதும் அடுத்த கடைக்குப் போய்விடும். பந்தலுக்கு உரியவர் வெயிலில் அமர்ந்திருப்பார்.

ஆகவே கூரையோடு ஒரு தொங்குதிரையும் வேண்டும். தெருவின் திசை வியாபாரியின் விருப்பத்திற்கு உட்பட்டதன்று என்பதால், எந்தப் பக்கத்திலும் கொக்கியால் மாட்டத்தக்கதாக அது அமைய வேண்டும். இடம் வாய்த்தால் தாழ்ந்த பக்கத்தை மேற்கே வைப்பது நலம்.

துணியைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். பருத்திக் கித்தான் காற்றை ஓரளவு விடுவது, எளிதில் தைக்கத்தக்கது. ஆனால் நனைந்தால் கனத்துவிடும். பாலிஎதிலீன் தார்ப்பாய் இலேசானது, நீர் புகாதது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர்களால் நைந்துவிடும். ஆதலின் அக்கதிர்களைத் தாங்கும் சேர்மானம் கலந்த, ஐ.எஸ். 7903 தரத்திற்கு உட்பட்ட தார்ப்பாயையே கொள்ள வேண்டும். கருநிறத் தார்ப்பாய் தானே சூடேறிக் கீழ்நோக்கி வெப்பத்தை உமிழும். மேற்புறம் வெளிர் நிறமாக இருப்பதும், அதன் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டுவதும் இக்குறையைப் பெரிதும் போக்கும்.

பழுது பார்க்கத்தக்க அமைப்பு

கடைகளில் கிடைக்கும் கத்திரி வகைச் சட்டகம், இழுத்த மாத்திரத்தில் விரிகிறது. பக்கத்திற்கு இரண்டு கத்திரி இணைகள் வீதம் அதில் 16 கம்பிகள் உள்ளன. ஒவ்வொரு கீலும் ஒரு திருகாணியை நம்பியிருக்கிறது. ஒரு கம்பி வளைந்தாலும் முழுச் சட்டகமும் மடங்க மறுக்கும். மாறாக, குழாய்க்குள் கழியைச் செருகும் அமைப்பு விரிவதற்குச் சற்று நேரம் கொள்ளும். ஆனால் ஒரு கழி முறிந்தால் அதனை மட்டும் மாற்றினால் போதும். மாற்றுக் கழி பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும். செருகு துண்டுகள் தொலையாதிருக்க, அவற்றைக் கழியோடு கயிற்றால் பிணைத்து வைக்கலாம்.

விரைவும் பழுது பார்க்கும் எளிமையும் ஒன்றோடொன்று முரண்படும் இவ்விடத்தில், பிந்தையதற்கே முதலிடம் தரலாம். கூரைத்துணியை விரைந்து கழற்ற முடியும் வரையில், சட்டகம் பிரிய ஐந்து நிமிடம் ஆவது குறையாகாது. ஒரு நாள் வருவாயைக் கொண்டு அன்றைய அடுப்பெரிக்கும் குடும்பத்திற்கு, பழுதுக்காக நான்கு நாள் காத்திருப்பதே பேரிழப்பு.

மூலதனமும் கடனும்

2020 ஜூன் 1ஆம் நாள் தொடங்கப்பட்ட பிரதமரின் ஸ்வநிதித் திட்டம், சாலையோர வியாபாரிகளுக்கு ஈடின்றி நடைமுறை மூலதனக் கடன் வழங்குகிறது. முதல் தவணை தொடக்கத்தில் 10,000 ரூபாயாக இருந்து, 2025இல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பொருளியல் இலக்கணப்படி பந்தல் நிலை மூலதனத்தைச் சேர்ந்தது. சரக்கு நடைமுறை மூலதனத்தைச் சேர்ந்தது. ஆனால் கீரை விற்பவரிடம் இப்பாகுபாடு நிலைப்பதில்லை. நண்பகலுக்குள் வாடும் கீரை, அன்று காலை போட்ட முதலின் அழிவே. ஒரு கணக்குக்காக, பந்தல் நாளொன்றுக்கு 15 ரூபாய்ச் சரக்கைக் காக்கிறது எனக் கொண்டால், 200 நாள்களில் 3,000 ரூபாய் மிஞ்சும். வாடிய சரக்கை மாலையில் பாதி விலைக்குத் தள்ள வேண்டிய கட்டாயம் குறைவதும், வாங்குவோர் நிழலில் நின்று பேரம் பேச முடிவதும் இக்கணக்கில் சேராத ஆதாயங்கள்.

உள்ளாட்சி அமைப்புகள் பந்தல்களை மொத்தமாக வாங்கி வழங்க முற்படும்போது சில விதிகளைக் கைக்கொள்ளலாம். குழாயின் தடிப்பையும் துணியின் எடையையும் மட்டும் குறிக்காமல், முழு எடை, மடக்கிய நீளம், ஒருவரே துணியைக் கழற்ற ஆகும் நேரம், உதிரிப்பாகம் கிடைக்கும் தொலைவு ஆகியவற்றையும் கொள்முதல் ஆவணத்தில் எழுத வேண்டும். அளவு, உரிமத்தில் கண்ட பரப்பிற்குப் பொருந்த வேண்டும். பாதசாரிகளின் தலையிலும் கண்ணிலும் படாதவாறு கயிறுகள் பந்தலின் எல்லைக்குள்ளேயே அமைய வேண்டும். முதலில் சிலவற்றை மட்டும் செய்து, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வியாபாரிகளிடமே கொடுத்துச் சோதித்த பின்னரே எஞ்சியவற்றை வாங்குவது செலவைக் காக்கும்.

இச்சோதனைக்கு உரிய மன்றம் ஏற்கனவே உள்ளது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்திற்குக் குறையாதோர் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளாக இருத்தல் வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். காய்கறிக் கூடையோடு பந்தலையும் தலையில் சுமந்து பேருந்து ஏறும் பெண், அதன் எடையைப் பற்றிச் சொல்லும் சொல் எந்த ஆய்வுக்கூட அளவீட்டிற்கும் குறைந்ததன்று. வரைபடம் அங்கீகரிக்கப்படும் முன் அச்சொல் கேட்கப்படுமாயின், அரசு செலவிடும் பணம் தெருவில் நிழலாக விரியும்.