காசில்லாமல் சென்னையைக் காண்போம்

“கெட்டும் பட்டணம் சேர்” என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். ஆனால் பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் பட்டணத்தைப் பார்த்திருக்கிறோம்? வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து வீடு. பண்டிகை வந்தால் தியாகராயநகர். விருந்தினர் வந்தால் கடற்கரை. இவ்வளவே நமது சென்னை. காரணம் கேட்டால், “ஊர் சுற்றக் காசு வேண்டாமா?” என்கிறோம். இக்கேள்வியை எள்ளி நகையாட இயலாது. சுற்றுலாக் கட்டணம் கட்ட வழியின்றி, “எனக்கு உடம்பு சரியில்லை” என்று சொல்லி வீட்டில் தங்கிவிடும் தோழியர் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அவர்களை மனத்திற் கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஓர் ஊரைச் சுற்றிப் பார்க்க மூன்று செலவுகள் உண்டு. அவை போக்குவரத்து, உணவு, நுழைவுக் கட்டணம் என்பன. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது போக்குவரத்து. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சென்னையில் இப்பேருந்துகளை எளிதில் அடையாளம் காண முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசினர். கட்டணம் இல்லையென்றாலும் நடத்துநரிடம் அதற்குரிய பயணச்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். விரைவுப் பேருந்திலோ சொகுசுப் பேருந்திலோ ஏறினால் கட்டணம் உண்டு. ஆகவே ஏறுமுன் பலகையைப் பார்த்துக்கொள்க.

இரண்டாவது உணவு. வீட்டிலிருந்து கட்டிச்சோறும் குடிநீரும் எடுத்துச் செல்வதே சிறந்தது. அது முடியாத நாளில் 2013-இல் தொடங்கப்பெற்ற அம்மா உணவகங்கள் உதவும். ஓர் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்ற விலையில் அவை தொடங்கின.

மூன்றாவது நுழைவுக் கட்டணம். சென்னையின் சிறந்த இடங்கள் பலவற்றிற்கு இச்செலவே இல்லை. எடுத்துக்காட்டாக ஒரு காலைப் பொழுதின் நடையைச் சொல்கிறேன்.

மெரினாவில் உழைப்பாளர் சிலையருகே இறங்குங்கள். சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த இச்சிலை 1959-இல் நிறுவப்பட்டது. பாறையைப் பெயர்க்கப் பாடுபடும் நான்கு தொழிலாளரின் தசைநார்களை ஒருமுறை நின்று பாருங்கள். பின்னர் கடல் இடப்புறம் இருக்கத் தெற்கு நோக்கி நடவுங்கள். வலப்புறம் 1870-இல் திறக்கப்பட்ட மாநிலக் கல்லூரிக் கட்டடம் தோன்றும். கடற்கரை ஓரத்தில் 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட சிலைகளுள் ஔவையாரையும் கண்ணகியையும் காணலாம். கண்ணகி சிலை 2001-இல் அகற்றப்பட்டு, 2006-இல் மீண்டும் நிறுவப்பட்டது.

அடுத்து வருவது ஐஸ் ஹவுஸ் எனப்படும் விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்டது இது. 1897-இல் விவேகானந்தர் இங்கே தங்கினார். பிற்காலத்தில் சகோதரி சுப்புலட்சுமி இளங்கைம்பெண்களை இக்கட்டடத்தில் தங்கவைத்துக் கல்வி கற்பித்தார். பனிக்கட்டிக் கிடங்கு பெண்களுக்குப் புகலிடமாயிற்று!

சற்றுத் தூரத்தில் இராணி மேரி கல்லூரி. 1914-இல் தொடங்கிய இது சென்னை நகரின் முதல் மகளிர் கல்லூரி. 2003-இல் இக்கல்லூரி இருக்குமிடத்தில் தலைமைச் செயலகம் கட்டத் திட்டமிட்டபோது, மாணவியர் வளாகத்தை விட்டு அகலாது போராடினர். திட்டம் கைவிடப்பட்டது. நம் வயதுக்குச் சற்றே மூத்த பெண்கள் காத்துக்கொண்ட கட்டடம் என்ற எண்ணத்தோடு அதைப் பார்த்தால் நம் நடையே நிமிரும்.

கலங்கரை விளக்கத்தைத் தாண்டினால் சாந்தோம் பேராலயம். புனித தோமையாரின் கல்லறைமீது எழுந்ததாகப் போற்றப்படும் இவ்வாலயத்தின் இன்றைய கட்டடம் 1896-இல் நிறைவுற்றது. கல்லறைச் சிற்றாலயத்தில் எவரும் அமர்ந்து செபிக்கலாம். அங்கிருந்து கச்சேரி சாலை வழியே ஒரு கிலோமீட்டர் அளவில் நடந்தால் மயிலைக் கபாலீசுவரர் கோவிலும் திருக்குளமும். இவ்வளவையும் ஒரு காசு செலவின்றிக் கண்டுவிட்டோம்.

வெயில் ஏறிய பின் எங்கே போவது? நூலகத்திற்குத்தான். எழும்பூரில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமரா நூலகம் இந்தியாவில் வெளியாகும் நூல்களைப் பெற்றுப் பாதுகாக்கும் தேசிய வைப்பு நூலகங்களுள் ஒன்று. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், நம் சொந்தப் பாடப்புத்தகங்களைக் கொண்டுசென்று படிக்கவும் தனிக்கூடம் உண்டு. படிக்க இடமில்லாத சிறு வீட்டில் வாழும் மாணவிக்கு இது பெரும் பேறு அல்லவா?

மார்கழியில் சபாக்களில் நடைபெறும் பகல் கச்சேரிகள் பலவற்றை இலவசமாகக் கேட்கலாம். 1639 ஆகஸ்ட் 22-ஐ நகரின் பிறந்தநாளாகக் கொண்டு, ஆண்டுதோறும் ஆகஸ்டில் சென்னை தினம் கொண்டாடுகின்றனர். அப்போது நடக்கும் வரலாற்று நடைகளிலும் உரைகளிலும் பல கட்டணமின்றி நடைபெறுகின்றன.

சில எச்சரிக்கைகளும் தேவை. தனியே செல்லாமல் மூவர் நால்வராகச் செல்க. போகுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிச் செல்க. கடலில் இறங்கற்க, மெரினாவின் அலை ஆபத்தானது. ஆலயம், கோவில், நூலகம் ஆகியவற்றின் திறப்பு நேரத்தை முன்னரே கேட்டறிக. கழிப்பறை வசதி நூலகங்களில் கிடைக்கும். அதற்கேற்ப நடையைத் திட்டமிடுக. இடர் நேர்ந்தால் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்னும் உதவி எண்கள் உண்டு. அவற்றை மனப்பாடம் செய்துகொள்க.

நிறைவாக ஒன்று. “இலவசம்” என்றதும் சிலர் முகம் சுளிப்பர். பேருந்துக்கு டீசல் வேண்டும். நூலகத்திற்கு விளக்கும் ஊழியரும் வேண்டும். அச்செலவு மக்கள் வரியிலிருந்து வருகிறது. வீட்டிற்குச் சோப்பு வாங்கும்போது நம் தாய்மாரும் அவ்வரியைச் செலுத்துகின்றனர். ஆகவே நாம் பெறுவது பிச்சையன்று, உரிமையே. பயன்படுத்துவோர் இல்லாத நூலகமும் பயணியர் இல்லாத பேருந்தும் நெடுநாள் நிலைப்பதில்லை. நாம் சென்று பயன்படுத்துவதே அவற்றைக் காக்கும் வழி.

ஆகவே அன்புத் தோழியரே, வரும் விடுமுறையில் பையில் ஒரு புட்டி நீரும், கையில் ஒரு குறிப்பேடும் எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாவுக்கு வராமல் நின்றுவிட்ட தோழியை முதலில் அழையுங்கள். இளஞ்சிவப்புப் பேருந்தில் அவளுக்கும் இடம் உண்டு.