தட்டுக்கு அளவு உண்டு, ஆட்டத்துக்கு?

ஒரு குழந்தைக்கு 50 கிராம் ரவை, அரிசி அல்லது சேமியா. சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, கூடவே உள்ளூரில் கிடைக்கும் காய்கறி. தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் இப்படிக் கிராம் கணக்கில் எழுதப்பட்டது. சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். பிள்ளை அதே பள்ளியில் படித்தால் தாய்க்கு முன்னுரிமை. 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 பள்ளிகளுக்காக மதுரையில் தொடங்கிய திட்டம், அடுத்த ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளும் பின்னர் சேர்ந்தன.

இந்த வேகம் திடீரென வந்ததல்ல. 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு போடத் தீர்மானித்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. இடையில் நின்றுபோன அந்த முயற்சியை 1956இல் காமராசர் மாநிலத் திட்டமாக்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். கருணாநிதி ஆட்சியில் முட்டை வந்தது, ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாத வகைகள் வந்தன. எதிரும் புதிருமான ஆட்சிகள் இதில் மட்டும் முந்தையவரின் வேலையைக் கலைக்காமல் மேலே கூட்டிக்கொண்டே போயின. ஓட்டுக் கணக்கும் இதில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் திட்டம் நிலைத்ததற்கு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று சத்துணவு மையந்தோறும் ஆள் போட்டதுதான் முக்கியக் காரணம். முட்டை வராத நாளில் யாரிடம் போய்க் கேட்பது என்று ஊருக்கே தெரியும்.

பள்ளி வாசலைத் தாண்டினால் கதை வேறு. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020இல் விதி வகுத்தது. அதை வாசலில் பலகையாக எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. எதிரே பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டை யார் இறக்கச் சொல்வது? தலைமையாசிரியருக்குக் கடைக்காரர் மேல் அதிகாரம் இல்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலரோ ஒரு வட்டாரம் முழுவதையும் பார்க்க வேண்டியவர். 2025இல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொன்னது. எந்தக் குளிர்பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகளே படித்துத் தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் பலகையால் கடையை மூட முடியாது.

விளையாட்டின் நிலை இதைவிட மோசம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயதுள்ளோரில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை என்பது அதன் 2016ஆம் ஆண்டு உலகக் கணக்கு. இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. சொல்லிக்கொடுக்க ஆள்? 6 முதல் 8ஆம் வகுப்பு வரை, மாணவர் எண்ணிக்கை நூறைத் தாண்டினால், உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவர். தொடக்க வகுப்புகளுக்கு அதுவும் இல்லை. தமிழகம் 2012இல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டம் பல ஆண்டுகள் செய்தியானது.

மேல் வகுப்புகளில் பி.டி. மாஸ்டர் இருந்தாலும் பி.இ.டி. பீரியட் அவர் கையில் இருப்பதில்லை. போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார். அடுத்த வாரம் அறிவியல் ஆசிரியர். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், அந்தப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று 2023இல் மேடையிலேயே ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆளும் திடலும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரப் பள்ளி ஒன்று காட்டியது. செயின்ட் நினியன்ஸ் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் எலெய்ன் வைலி 2012இல் ஓர் ஏற்பாடு செய்தார். தினமும் 15 நிமிடம் வகுப்பே வெளியே போய் ஓடும் அல்லது நடக்கும். உடை மாற்ற வேண்டாம், போட்டி கிடையாது, கூடப் போவது வகுப்பாசிரியரே. ‘டெய்லி மைல்’ என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. நம் சித்திரை வெயிலில் நண்பகல் ஓட்டம் ஆகாது. காலை வழிபாட்டை ஒட்டியோ, கடைசி மணிக்கு முன்போ வைக்கலாம். எந்த நேரம் என்றாலும் அது கால அட்டவணையில் ஏற வேண்டும்.

கேட்பதற்கு ஆளும் ஏற்கெனவே உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். சாம்பாரில் பருப்பு குறைந்தால் அந்தத் தாய்மார்கள் கேட்கிறார்கள். போன மாதம் எத்தனை பி.இ.டி. பீரியட் நடந்தது, எத்தனை கைமாறியது என்ற கணக்கைக் குழுக் கூட்டத்தில் வைக்கச் சொல்ல அரசாணை எதற்கும் காத்திருக்க வேண்டாம்.