தீவகத்தில் அரிது, புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு அப்படியல்ல

ஆனி மாதம் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நம் சனம் வந்து சேரும். அவர்களில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., உள்ள ஒருவர் குறிகட்டுவான் துறையில் படகுக்காக வெயிலில் நின்றால் கண் மங்கலாம், கால் பாரமாகலாம். உடனே பதறவேண்டாம். உடற்சூடு ஏறும்போது பழுதுபட்ட நரம்பில் செய்தி தடுமாறும். நிழலில் இருத்தி உடலைக் குளிர்த்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஜேர்மன் கண் வைத்தியர் வில்ஹெல்ம் ஊத்ஹொஃப் 1890இலேயே இதைப் பதிவுசெய்தார். சூடு தணிந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மட்டும் அது புதிய தாக்குதலாக இருக்கலாம்.

மூளையிலும் முண்ணாணிலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை, உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புக் கலங்களே அரிப்பதுதான் இந்நோய். வயரின் உறை உரிந்தால் மின்சாரம் ஒழுங்காக ஓடாது அல்லவா, அதே நிலைதான்.

பூமத்திய ரேகையை அண்டிய நாடுகளில் எம்.எஸ். அரிது. உலகிலேயே அதிகம் உள்ள நாடுகளில் ஒன்று கனடா. புங்குடுதீவு, ஊர்காவற்றுறைக் குடும்பங்கள் பல அங்கேதான் வேர்விட்டிருக்கின்றன. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து குடியேறியோருக்கு பிரித்தானியாவில் பிறந்த பிள்ளைகளை ஜெப்ரி டீன் குழுவினர் ஆராய்ந்து, 1990இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோரிடம் அரிதாயிருந்த நோய், பிள்ளைகளிடம் ஏறத்தாழ அந்நாட்டு அளவுக்கே காணப்பட்டது. ஆகவே பரம்பரை மட்டும் காரணமல்ல, வளரும் இடமும் சேர்கிறது. வெயில் குறைவதும், அதனால் விற்றமின் டி குறைவதும் ஒரு சந்தேகம். இன்னும் வலுவான தடயம் எப்ஸ்டீன்-பார் வைரஸ். ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பதிவுகளை அலசிய ஆய்வு 2022இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்தது. இந்த வைரஸ் தொற்றிய பின் எம்.எஸ். ஆபத்து 32 மடங்கு கூடியது. ஆனால் பெரியவர்களில் 90 வீதத்துக்கு மேற்பட்டோருக்கு இத்தொற்று உண்டு. நோய் வருவது மிகச் சிலருக்கே.

முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. 1993இல் வந்த இன்டர்பெரோன் முதல் 2017இல் வந்த ஒக்ரெலிசுமாப் வரை எல்லாம் தாக்குதலைக் குறைப்பவை. உரிந்த உறையை மீள வளர்ப்பதுதான் பெரிய சவால். இந்த ஏக்கத்தில் ஏமாந்தவர்களும் உண்டு. கழுத்து நாளத்தை விரித்தால் குணமாகும் என்று இத்தாலிய வைத்தியர் பாவ்லோ சம்போனி 2009இல் சொன்னதை நம்பிக் கனடியர்கள் பலர் இந்தியா வரை போனார்கள். கனடாவிலேயே நடந்த பரிசோதனை 2017இல் அதில் பயனில்லை என்று காட்டியது. நோயாளிகள் இழந்தது பணத்தை மட்டுமல்ல, மருந்து வேலைசெய்யக்கூடிய காலத்தையும்தான்.

இங்குள்ளவர்களுக்கும் ஒரு செய்தி. இளவயதில் கண்ணை அசைக்க வலியோடு ஒரு பக்கப் பார்வை மங்கினால், கால் விறைத்து நடை தளர்ந்தால், நெடுந்தீவிலிருந்து படகேறி யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆசியர்களிடம் எம்.எஸ். போலவே தோன்றும் நியூரோமயலைட்டிஸ் ஒப்டிகா என்ற வேறொரு நோயும் உண்டு. 2004இல் கண்டறியப்பட்ட ஒரு பிறபொருளெதிரியை இரத்தத்தில் தேடினால் பெரும்பாலும் பிரித்தறியலாம். எம்.எஸ்.க்குக் கொடுக்கும் இன்டர்பெரோன் அந்நோயை மோசமாக்கும். எனவே மருந்து தொடங்கமுன் இந்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.