எண்ணூர் அலைக்கு ஏன் ஒரு கமலி இல்லை?

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தைத் தாண்டி ஃபைபர் படகை வெளியே எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மணல்திட்டில் இடறி அலை உடையும். பெரிய அலைகள் வரிசையாக வந்து போகும்வரை பொறுத்திருந்து, இடைவெளி கிடைத்த நொடியில் இன்ஜினை முடுக்க வேண்டும். கணக்கு பிசகினால் படகு கவிழும். அலைச்சறுக்குப் பலகையில் நிற்பவர் போடுவதும் இதே கணக்குதான். இவர் அலையைத் தாண்டிப் போகிறார், அவர் அலையோடு திரும்பி வருகிறார்.

ஒலிம்பிக்கில் பனிமலைச் சரிவில் ஒற்றைப் பலகையோடு குட்டிக்கரணம் போடுகிறார்களே, அந்த ஸ்னோபோர்டுக்கும் மூலம் கடல்தான். அமெரிக்காவின் மிச்சிகனில் 1965 கிறிஸ்துமஸ் அன்று ஷெர்மன் பாப்பென் என்பவர், மகள்கள் விளையாடுவதற்காக இரண்டு பனிச்சறுக்கு மட்டைகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். பனியும் அலையும் கலந்து அதற்கு 'ஸ்னர்ஃபர்' என்று பெயர். அந்த வழியில் வளர்ந்த ஆட்டம் 1998இல் ஜப்பானின் நகானோவில் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது. ஷான் வைட் மூன்று தங்கம் வென்றார். குளோயி கிம் தன் முதல் தங்கத்தை 17 வயதில் வாங்கினார். அதற்கும் முன்பே, கலிஃபோர்னியாவில் அலை இல்லாத நாள்களில் பொழுது போகாதவர்கள் பலகைக்குச் சக்கரம் மாட்டியதில் பிறந்தது ஸ்கேட்போர்டு. தாய் ஒன்று, பிள்ளைகள் இரண்டு.

பனிப்பலகைச் சாம்பியன் நம் பக்கம் இல்லை. மற்ற இரண்டிலும் ஏறியவர் மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துப் பெண் கமலி மூர்த்தி. சிறுமியாகக் கவுன் போட்டுக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல் ஸ்கேட்போர்டில் இறங்கும் அவரது படத்தை, அந்த ஆட்டத்தின் பெரும்புள்ளியான டோனி ஹாக் பகிர்ந்தபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. சாஷா ரெயின்போ இயக்கிய 'கமலி' குறும்படம் 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்தப் படத்தில் பாதி, மகளைத் தனியாக வளர்த்த தாய் சுகந்தியின் கதை. ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல் மகளைப் பலகையில் ஏறவிட்டவர் அவர்.

படத்தோடு நின்றுவிடும் புகழ்தான் இது என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் கமலி அலைக்கு வந்தார். 2024இல் மங்களூரு அருகே சசிஹித்லு கடற்கரையில் நடந்த இந்திய ஓப்பன் போட்டியில் மகளிர் பொதுப் பிரிவு, சிறுமியர் பிரிவு இரண்டிலும் பட்டம் அவருக்கே.

போட்டி முறை எளிது. குறித்த நேரத்துக்குள் எத்தனை அலை வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். சிறந்த இரண்டை மட்டும் கூட்டுவார்கள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப் இறுதியில் ரமேஷ் புதிஹால் எடுத்தது இருபதுக்கு 12.60. அது வெண்கலம்; ஆசிய அளவில் தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் பதக்கம். (அவர் ஊர் கேரளத்துக் கோவளம். நம் கோவளம் இல்லை.)

சென்னைக்குத் தெற்கே உள்ள நம் கோவளத்துக்கு வேறு கதை. அங்கே மீனவரான மூர்த்தி மேகவன், வெளிநாட்டுக்காரர் ஒருவரின் பலகையைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கி ஏறிப் பார்த்தார். அதிலிருந்து தொடங்கி, 2012இல் குப்பத்துப் பிள்ளைகளுக்கான பயிற்சிப் பள்ளி வந்தது. சிகரெட் கூடாது, குடி கூடாது, அலை மட்டும்தான் என்பது அங்கே விதி. 2013 முதல் அலைச்சறுக்கு விழாவும் நடந்தது. ஓர் இரவல் பலகை, அதை விடாமல் பிடித்துக்கொண்ட ஓர் ஆள்: தொடக்கத்தில் இருந்த முதல் இவ்வளவுதான்.

முகத்துவாரக்குப்பம் அங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டர் வடக்கே. அதே வங்கக்கடல். தெர்மாகோல் துண்டில் நெஞ்சை வைத்து அலையோடு கரைக்கு வழுக்கி வரும் பையன்களுக்கு இந்தக் கரையிலும் பஞ்சமில்லை. பிறகு என்ன குறை?

முதல் குறை மணல். நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்துக்குக் கல்சுவர் எழுப்பியபோது அந்த மணல் தெற்கே தங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கிக் கடல் அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்கள்தான் இன்று திருவொற்றியூர், எண்ணூர்க் கரையின் அடையாளம். அலையில் வருகிறவன் பாறையில் போய் மோதவா முடியும்?

மணலாவது பரவாயில்லை, ஆற்றுவாயில் மணல் இன்னும் உண்டு. தண்ணீர்தான் பெரிய குறை. அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகக் கழிமுகத்தில் படிந்திருக்கிறது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்தது. அதை மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் அள்ளிய படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். வலை, படகு, கால், எல்லாம் கறுப்பு. அந்தத் தண்ணீரில் தினம் நான்கு மணி நேரம் பயிற்சி செய்யச் சொல்லி எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? சுகந்தியே ஆனாலும் யோசிப்பார்.

நம் கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அந்தச் சான்றுள்ள கரையில் குளிக்கும் நீரைப் பரிசோதித்து, முடிவை எல்லோரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்பது நிபந்தனை. முகத்துவாரக்குப்பத்துக்குச் சான்று பிறகு வரட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதே பரிசோதனையை இங்கேயும் செய்து, அதே எண்களை மீன் இறங்குதளத்தின் அருகே தமிழில் எழுதிவைக்கட்டும். இந்தக் குப்பத்துக்கு முதலில் வரவேண்டிய பலகை அதுதான்.