செவன்ஸ் மைதானத்து வெளிச்சத்தில் பறவைகள்

அறுவடை முடிந்த வயலில் மூங்கிலும் கமுகும் கட்டிக் கேலரி எழுப்புவார்கள். சுற்றிலும் கம்பம் நட்டு ஃப்ளட்லைட் ஏற்றுவார்கள். பாலக்காடு, மலப்புறம் பக்கத்து ஊர்களில் நவம்பர் முதல் மே வரை இரவில் நடக்கும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து இப்படித்தான். ஆட்டம் சூடுபிடிக்கும்போது விளக்கை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தால், கூடடைந்திருக்க வேண்டிய கரிச்சான் கம்பியில் உட்கார்ந்திருப்பதும், பாய்ந்து ஒரு பூச்சியைக் கவ்விக்கொண்டு திரும்புவதும் தெரியும்.

இரட்டைவால் குருவி என்று நாம் அழைக்கும் இந்தக் கரிச்சான் பகல் பறவைதான். ஆனால் விளக்கிருந்தால் இருட்டிய பிறகும் வேட்டையாடும். பக்கத்து வயலில் இரண்டாம் போகமான முண்டகன் நெல் நின்றால் குருத்துப்பூச்சியின் அந்துகளும் பச்சைத் தத்துப்பூச்சிகளும் புகையானும் வெளிச்சத்துக்குக் கிளம்பி வந்துவிடும். உழவர்கள் விளக்குப்பொறி வைப்பதும் இவற்றுக்காகத்தானே! கோடை மழை விழுந்துவிட்டால் ஈசலும் சேர்ந்துகொள்ளும்.

பூச்சிகள் ஏன் விளக்கை விட்டு விலகாமல் சுற்றுகின்றன? நிலவென்று நினைத்து வழிதவறுகின்றன என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தோம். 2024இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியான ஆய்வு வேறொரு விடை தருகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் அதிவேகக் கேமராக்களால் பூச்சிகளின் பறத்தலைப் படம்பிடித்தார்கள். பறக்கும் பூச்சி பொதுவாக வெளிச்சமான பக்கத்துக்கு முதுகைக் காட்டும். இரவிலும் தரையைவிட வானம் சற்று வெளிச்சமாக இருப்பதால், எது மேல், எது கீழ் என்று அறிய அதற்கு இந்த வழியே போதும். பக்கவாட்டில் ஒரு விளக்கு எரிந்தால் முதுகு அந்தப் பக்கம் சாய்கிறது, பாதை வளைகிறது, வட்டம் முடிவதே இல்லை. விளக்கு கீழே இருந்தால் சில பூச்சிகள் குப்புறக் கவிழ்ந்து விழுந்தேவிடுகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகள் பிசகாத ஒரு வழக்கம், ஒரு விளக்கின் முன் இப்படிக் குலைந்துபோவது என்னை இன்னும் திகைக்கவைக்கிறது.

கரிச்சானுக்கு விருந்தாகும் அதே ஒளி, இரவில் வலசை போகும் பறவைகளுக்கு ஆபத்து. இமயமலை அடிவாரத்திலிருந்து குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் ஆறுமணிக்குருவி இரவில்தான் பறக்கும். விளக்கொளியில் மயங்கிக் களைத்து வீட்டுக்குள் வந்து விழுந்த ஆறுமணிக்குருவிகளைத் தென்னாட்டில் பலர் கையில் ஏந்தியிருக்கிறார்கள். அது வசந்தத்தில் வடக்கே திரும்பும் மாதங்களிலும் செவன்ஸ் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன.

வலிமையான ஒளி பறவைகளை எவ்வளவு தடுமாறவைக்கும் என்பதை நியூயார்க்கில் அளந்திருக்கிறார்கள். செப்டம்பர் 11 தாக்குதலின் நினைவாக அங்கே ஆண்டுக்கு ஓர் இரவு வானை நோக்கி ஒளித்தூண்கள் ஏற்றப்படும். அப்படிப்பட்ட 7 இரவுகளை ரேடாரால் ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழ 11 லட்சம் பறவைகள் அந்த ஒளியால் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. பறவைகள் ஒளிக்குள் திரண்டன, வேகம் குறைத்தன, சுற்றிச் சுற்றி வந்தன, ஓயாமல் குரல் கொடுத்தன. பறவைகள் மிகுதியாகச் சேரும்போது அங்கே சுமார் 20 நிமிடம் விளக்கை அணைத்துவைப்பது வழக்கம். அணைத்த சில நிமிடங்களிலேயே அவை கலைந்து தம் வழியே போய்விட்டன.

செவன்ஸ் ஆட்டத்துக்கு விளக்கு வேண்டும்தான். ஒளி மைதானத்தை மட்டும் பார்க்கும்படி விளக்குகளைச் சாய்த்துக் கட்டலாம். இறுதி விசில் ஊதி, கூட்டம் கேலரியை விட்டு இறங்கியதும் பெரிய விளக்குகளை அணைத்துவிடலாம்.